கிருமி செத்த பிறகு

வயிற்றில் கிருமி இருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. இரண்டு கிழமைக்கு மருந்துக் குளிசை. வாயெல்லாம் செப்புக்காசைச் சப்பியதுபோலக் கசந்தது. மீன்குழம்பின் மணமே பிடிக்கவில்லை. ஒரு நேரம்கூடத் தவறவிடாமல் விழுங்கி முடித்தேன். பிறகு செய்த சோதனையில் கிருமி முழுதாகச் செத்துவிட்டது என்றார்கள். மனைவி மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். அன்று மத்தியானம், பல மாதங்களுக்குப் பிறகு, மீன்குழம்போடு உறைப்பாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். குருநகர்க் கரையிலிருந்து நானும் மனைவியின் தம்பியும் நண்டு வலை இழுக்கப் போயிருந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. படகின் விளிம்பில் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தபோது, வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கொதித்துக்கொண்டு மேலே வந்தது. தொண்டையில் புளித்த தண்ணீர். நெஞ்செலும்புக்குப் பின்னால் நெருப்பு. நிமிர்ந்து நின்று பார்த்தேன், எரிவு விடவில்லை. இடது தோள்வரை நோவு பரவியதா, பரவும் என்று நான் காத்திருந்ததால் அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியாது.

"என்ன அத்தான், முகம் வெளிறிப்போச்சு?"

"நெஞ்சு எரியுது."

"வாய்வாத்தான் இருக்கும். கரைக்குப் போய் ஒரு சோடா குடியுங்கோ, சரிவரும்."

அந்தச் சொல்தான் என்னைக் கலக்கியது. என் அண்ணைக்கும் அப்படித்தான் சொன்னோம். கடலால் கரைக்கு வந்தவர் நெஞ்சு எரிகிறதென்று கடையிலிருந்த மரவாங்கில் உட்கார்ந்தார். வாய்வு என்றோம் எல்லோரும். சோடா வாங்கிக் கொடுத்தது நான். அரைப்போத்தல் முடிவதற்குள் மாரடைப்பில் சரிந்துவிட்டார். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நான் படகில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த வருடம் எனக்கும் நாற்பத்தாறு.

"வலையை விடு. கரைக்குப் போவம்," என்றேன்.

அவன் வலைத்தலைப்பில் மிதப்பைக் கட்டி எறிந்துவிட்டு எஞ்சினை இழுத்தான்.

தூரத்தில் கோயில் கோபுரம் தெரிந்தது. எவ்வளவு ஓடியும் அது பெரிதாகவில்லை. படகு துள்ளும்போதெல்லாம் புளித்தண்ணீர் தொண்டைக்கு ஏறியது. விரல்கள் குளிர்ந்துபோயின. இங்கேயே சரிந்தால் இவன் என்னைத் தூக்குவானா, எஞ்சினைப் பிடிப்பானா என்று யோசித்தேன்.

"அக்காவைப் பாத்துக்கொள். சின்ன மகளின்ரை படிப்பை நிப்பாட்ட விடாதை."

"விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான்!" என்று கத்தினான். எஞ்சினை முழு வேகத்துக்கு முறுக்கினான். அதைக் கண்டதும் எனக்கு இன்னும் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இரத்தம் எடுத்தார்கள். சில மணித்தியாலம் கழித்து மறுபடியும் ஒட்டினார்கள். ஒவ்வொரு முறையும் தாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பின்னேரம் ஒரு இளம் டொக்டர் வந்தார். "உங்கடை இருதயம் நல்லா இருக்கு ஐயா. உது வயித்து அமிலம் மேலை வாறது."

"கிருமி செத்துப்போச்செண்டு சொன்னவையளே?"

"ஓம், செத்ததுதான். கிருமியாலை சிலருக்கு வயித்திலை அமிலம் குறைஞ்சிருக்கும். கிருமி போனாப் பிறகு அமிலம் திரும்பவும் கூடிப்போகும். எல்லாருக்கும் இல்லை. உங்களுக்கு அப்பிடி இருக்கலாம்." குளிசை எழுதினார். வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், சாப்பிட்ட கையோடு படுக்கவோ குனியவோ வேண்டாம் என்றார்.

"என்ரை தொழிலே குனியிறதுதான், பிள்ளை."

அவர் சிரிக்கவில்லை. "இன்னொண்டு. திரும்பவும் நெஞ்சு நொந்தா, அமிலமெண்டு நீங்களே முடிவெடுக்கக் கூடாது. உடனை வாங்கோ."

நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், அந்தக் கடைசி வசனத்தைச் சுமந்துகொண்டு போனேன். எது அமிலம், எது அண்ணையைக் கொண்டுபோனது என்று உள்ளே இருக்கிற எனக்கே பிரித்துச் சொல்ல முடியாதாம். அதற்குப் பிறகு இரண்டு தடவை ஓடினேன். இரண்டு தடவையும் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அடுத்த தடவை ஓட வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவேனோ என்பது இப்போது புதிய பயம்.

குளிசையால் எரிவு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. படகில் நொந்து பத்து நாள் கழித்துக் கடலுக்குப் போனேன். இப்போது மச்சான்தான் குனிந்து வலை இழுக்கிறான், எஞ்சின் என்னிடம். தன் போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறான். எனக்காகத்தான் என்று தெரியும். ஒவ்வொரு நண்டையும் கழற்றிப் போட்டதும், தலையைத் திருப்பி என் முகத்தை ஒருமுறை பார்க்கிறான்.