நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மிச்சம் இரண்டு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஏழு பேருக்கும் சோறும் ஒரே அளவு, அடியும் ஒரே அளவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுத எட்டு நாள் ஆயிற்று. அவசரம் யாருக்கு?

வேங்கிக்காலில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து மனு அடித்துக் கொடுக்கிறாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பேத்தி காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பாடத்துக்கு அவளுக்கு லினக்ஸ் வேண்டும். மனு அடிக்க அம்மாவுக்கு விண்டோஸ் வேண்டும். இரண்டும் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவையாம். இருப்பது ஒரு கம்ப்யூட்டர்.

"ரெண்டையும் இதுலயே போட்டுடலாம் ஆயா. ஆன் பண்ணா, எது வேணும்னு அதுவே கேக்கும்" என்றாள்.

"அதாவது கேக்குதே. இந்த வீட்ல என்னை ஒருத்தரும் எதுவும் கேக்கறதில்ல" என்றேன்.

தீபத்தன்று மனு அடிக்க யாரும் வரமாட்டார்கள் என்று அன்றைக்கே வேலையை ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். திரையில் நீளமாக ஒரு பட்டை. அதில் நான்கு கட்டம், ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம். பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது பழைய மாதிரி பிரிச்ச டிஸ்க் ஆயா. நாலு பாகத்துக்கு மேல உடாது. நாலும் ஆயிடுச்சு."

"ஓரத்துல காலியா கெடக்குதே?"

"காலிதான். ஆனா அஞ்சாவதா ஒண்ணு போட முடியாது."

"காலி எடம் கெடக்குது, குடி போகக் கூடாதா? எந்த ஊரு நாயம்டி இது?"

"கம்ப்யூட்டர் ஊரு நாயம்."

நான்கில் யார் யார் என்று விசாரித்தேன். ஒன்று கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடுவது. ஒன்று விண்டோஸ். ஒன்று அவள் அம்மாவின் மனுக்கள். நான்காவது, வாங்கும்போதே கூட வந்தது. எல்லாம் கெட்டுப்போனால் பழையபடி ஆக்குமாம்.

"இதுவரைக்கும் எதுனா ஆக்கியிருக்குதா?"

"இல்ல."

"தீபத்துக்கு வந்துட்டு பொங்கல் வரைக்கும் தங்கற ஒறவு. காலி பண்ணு."

"அதைத் தொட்டா அம்மா என்னைக் காலி பண்ணிடுவாங்க."

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். அம்மாவின் மனுக்கள் இருக்கும் பாகத்தை ஒரு பெரிய பாகத்துக்குள் நகர்த்திவிட்டால், அதற்குள்ளேயே லினக்ஸுக்கும் இடம் போடலாம். உள்ளே எத்தனை இருந்தாலும் பெரியது ஒன்று என்றுதான் கணக்கு. எங்கள் பழைய வீட்டில் ஒரே கதவு நம்பருக்குள் மூன்று அடுப்பு எரிந்தது. ஆகவே எனக்கு உடனே புரிந்துவிட்டது. மகனுக்கு இன்றுவரை புரியவில்லை.

நகர்த்தப் பல மணி நேரம் ஆகும் என்றது. நடுவில் நின்றால் மனுக்கள் போய்விடும். வேறு எங்கேயாவது ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் வீட்டில் இருந்த ஒரே பென் டிரைவில் லினக்ஸ் உட்கார்ந்திருந்தது. கரண்ட் போனால் தாங்குகிற யூபிஎஸ் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது. அதன் பேட்டரி செத்து நாளாயிற்று, மருமகள் அதன்மேல் கால் வைத்துக்கொள்வாள். பேத்தி ஒரு தாளில் 'யாரும் தொடாதீர்கள்' என்று எழுதித் திரையில் ஒட்டினாள். என்னிடம் மட்டும் மூன்று தரம் சொன்னாள்.

"ஏழு புள்ள வளர்த்தவகிட்ட சொல்றியா?" என்று கேட்டேன்.

மலைமேல் தீபம் ஏறும்வரை எங்கள் வீட்டில் ஒரு விளக்கும் எரியக் கூடாது. ஏறினதும் அகல்தான் முதலில். வருஷா வருஷம் நான்தான் அறை அறையாகப் போய் விளக்கை அணைப்பேன். அன்றைக்கு எல்லோரும் மாடிக்குப் போய்விட்டார்கள். எனக்கு முட்டி வலி. வாசல் பக்கம் மெயின் பெட்டி இருந்தது. ஒரே இழுப்பு. வீடு முழுக்க இருட்டு. எவ்வளவு சுலபம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மாடியில் 'அரோகரா' கேட்டதும் அகலை ஏற்றிவிட்டு மெயினைப் போட்டேன்.

நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் கீழே வந்து பார்த்தால் கறுப்புத் திரையில் ஒரு வரி இங்கிலீஷ். பேத்தியின் முகம் அதைவிடக் கறுத்துப்போயிற்று. "கரண்ட் கட் ஆயிருக்கும்" என்றான் மகன். மருமகள் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தாள்.

"அவங்க வீட்டு டிவி நிக்கவே இல்லியாம். இவதான் எதையோ நோண்டிக் கெடுத்துட்டா. திங்கக்கெழமைக்குப் பதினோரு மனு இருக்குதுடி அதுல!"

"நான் மாடியில உங்ககூடத்தானேம்மா இருந்தேன்?"

"போறதுக்கு முன்னாடி நோண்டியிருப்பே."

அப்போதே சொல்லியிருக்கலாம். கையில் பொரி உருண்டை, வாயிலும் பொரி உருண்டை.

மறுநாள் பேத்தி பென் டிரைவில் இருந்த லினக்ஸை வைத்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, உள்ளே துழாவினாள். மனுக்கள் கிடைத்தன. அவற்றின் பெயர்கள் கிடைக்கவில்லை, வெறும் எண்கள். பழசும் புதுசும் கலந்து நூற்றுக்கணக்கில் கிடந்தன. எல்லாமே 'மதிப்பிற்குரிய ஐயா' என்றுதான் ஆரம்பிக்கின்றன.

இங்கேதான் நான் தேவைப்பட்டேன். மனு அடிக்க வருகிறவர்கள் தங்கள் முறை வரும்வரை என்னிடம்தானே கதை சொல்வார்கள்? பேத்தி இரண்டு வரி படிப்பாள், நான் சொல்லிவிடுவேன்.

"பட்டாவில் என் தகப்பனார் பெயர்..."

"கீழ்பென்னாத்தூர்க்காரரு, காது கேக்காதவரு. எடுத்து வெச்சுக்கோ."

"எங்கள் தெருவில் விளக்கு..."

"அது போன வருஷத்து மனு. வெளக்கு வந்துடுச்சு. தள்ளு."

சாயங்காலத்துக்குள் பதினொன்றும் கிடைத்தன. "அத்தை இல்லன்னா என் கதி என்ன ஆயிருக்கும்!" என்று மருமகள் எனக்கு இரண்டாவது தரம் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டரில் விண்டோஸை மறுபடி போட்டாயிற்று. ஆனால் பேத்தி அதன் பக்கமே வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பென் டிரைவ் அரிசி டப்பாவுக்குள் போய்விட்டது. காலேஜில் செய்து காட்டவேண்டிய வேலை பாதியில் நிற்கிறது. எட்டு நாளாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நான் மெயினை இழுத்ததற்கு அவள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? வாயால் சொல்லலாம் என்று நான்கு தரம் சமையலறை வரைக்கும் போனேன். மாமியார் ஆகி இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒரு வாக்கியம் நான் பேசிப் பழகியதில்லை. அதனால்தான் எழுதினேன்.

இந்தா கண்ணு, படிச்சுக் காட்டு. தப்பு இருந்தா திருத்தாதே. உங்கம்மா உள்ள வெங்காயம் அரிஞ்சிக்கினு இருக்கறா. அவ காதுல விழற மாதிரி சத்தமாப் படி.