கழலாத பின்சீட்டு பெல்ட்

இன்று வேப்பம்பட்டிலிருந்து மருமகளோடு விஜயவாடாவுக்குக் காரில் கிளம்பும்போது, பின்சீட்டிலும் பெல்ட் போட்டே தீர வேண்டும் என்றேன்.

"பின்னாடி யாரும் போடறதில்ல மேடம். சீட் கவருக்கு அடியில மாட்டிக்கினு கெடக்குது," என்றார் டிரைவர்.

கவரை எடுக்கவைத்து மாட்டிக்கொண்டேன். பெரியபாளையம் வரை மருமகளுக்கும் டிரைவருக்கும் சாலைப் பாதுகாப்பைப் பற்றி எடுத்துச் சொன்னேன்.

புதுவாயலில் டீக்கு நிறுத்தினார்கள். சிவப்புப் பொத்தானை எவ்வளவு அழுத்தியும் பெல்ட் கழலவில்லை.

"இன்னா மேடம், எறங்கலையா?"

"கடை டீ எனக்கு ஒத்துக்காது."

மருமகள் சிரித்துக்கொண்டே போனாள். உண்மையைச் சொன்னால் விஜயவாடா வரை சிரிப்பாள்.

கழிப்பறை எதிரிலேயே இருக்கிறது. என் கணவர் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டிருப்பார்.

அவர்கள் இரண்டாவது டீ சொல்லிவிட்டார்கள். சத்தமில்லாமல் கழற்ற வழி தெரிந்தவர்கள் உடனே கீழே கமெண்டில் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.