துணைக்கு ஆள் கேட்ட வளர்மதி டீச்சர்

செய்தி வந்தபோது நான் பாலக்கோட்டில் மாரண்டஹள்ளி பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் போன் செய்தார். வழக்கமாக "பஸ் ஏறிட்டீங்களா டீச்சர்?" என்று ஆரம்பிப்பவர், அன்று அதைக் கேட்கவில்லை. "வளர்மதி டீச்சர் தவறிட்டாங்க" என்றார். காலையில் நெஞ்சு வலி என்று சொல்லியிருக்கிறார். அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. பேருந்து வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை. முதல் நாள் மாலை இதே இடத்தில் நின்றுதான் அவரோடு சண்டை போட்டிருந்தேன். அடுத்த விடுமுறைக்குப் பாண்டிச்சேரி என்று அவர் சொல்ல, மியூசியத்துக்குள் என்னை விட்டால்தான் வருவேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

அவர் வேதியியல் ஆசிரியர், நான் வரலாறு. பாடம் நடத்துவதில் அவர் எப்படி என்பதை அவரிடம் படித்தவர்கள் எழுதட்டும். விடைத்தாள் திருத்தித் தருவதில் அவரைப் போல் தாமதம் செய்கிறவரை நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரே எழுந்து வந்து "பொய்யா எழுதறீங்க" என்பார். இந்த ஆசிரியர் இதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை வேறொரு காரியத்துக்காகத் தெரியும். வயதான அப்பா அம்மாவை ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்றால், நம் பக்கத்து ஆசிரியர்கள் எல்லாரும் அவரிடம்தான் போய் நிற்போம். அதை எனக்கு நேர்ந்த விதத்தில் சொல்கிறேன்.

இண்டூரில் என் அப்பா அம்மா இருக்கிறார்கள். விவசாயக் குடும்பம். மைசூர் அரண்மனையை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. ஓசூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு வேன் பிடித்தான். ஒரே நாளில் மலைக்கோயில், மிருகக்காட்சி சாலை, அரண்மனை, அணைப் பூங்கா என்று நாள் முழுக்க அடைத்து வைத்திருந்தான். பயணத்துக்கென்று அப்பா புதுச் செருப்பு வாங்கினார். ஊருக்குப் போகும்போது பழைய செருப்போடு போனால் மதிப்பா என்பது அவர் நியாயம். அம்மா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் பஸ் ஏறுவதென்றால் அப்படித்தான். குடித்தால் வழியில் இறங்க வேண்டிவரும், இறங்கினால் யாரிடம் போய்க் கேட்பது. மதியத்துக்குள் அப்பாவின் இரண்டு காலிலும் கொப்புளம். அவர் வாயைத் திறக்கவில்லை. அரண்மனைக்கு வெளியே வெயிலில் வரிசையில் நிற்கும்போது அம்மா மயங்கி விழுந்தார். மீதி நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரே வார்த்தையாகச் சொன்னார். "இனிமே எங்களை எங்கயும் கூப்புடாதீங்க. அடுத்தவங்களுக்குப் பாரமா நாங்க எங்கயும் வரமாட்டோம்." அம்மா ஏதோ சொல்லப் போனார். "உனுக்கும் சேத்துதான் சொல்றன்" என்றார். என் அப்பா சொன்னால் சொன்னதுதான். அம்மாவின் மைசூர் அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அதன் பிறகு டிவியில் அரண்மனை வந்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். 

ஆசிரியர் அறையில் நான் இதைச் சொல்லிப் புலம்பியபோது வளர்மதி டீச்சர் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "அம்மா தண்ணி குடிக்கலயா?" என்றார். இல்லை என்றேன். "அப்பாவுக்குப் புதுச் செருப்பா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட இருந்து பார்த்தவர் போலக் கேட்கிறாரே. "எல்லா வூட்லயும் இதேதாங்க நடக்குது" என்று சிரித்தார். "நடந்து பழகின செருப்புதான் ஊருக்கு. புதுசு வூட்லயே இருக்கட்டும்." பிறகு, ஞாயிற்றுக்கிழமை இண்டூருக்கு வருவதாகச் சொன்னார். சமாதானம் பேச வருகிறார் என்று நினைத்து, அப்பாவிடம் அது எடுபடாது என்றேன். "நான் எதுக்குப் பேசறன்? எனக்கு ஒரு உதவி வேணும்" என்றார்.

அவர் வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தார். மைசூர் என்று எடுத்த உடனேயே அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அரையாண்டு லீவுல நானும் எங்க அப்பா அம்மாவும் மைசூர் போறோம்ங்க. எங்க மூணு பேருக்கும் எடுத்துப் பேச ஆளு இல்ல. ஆட்டோக்காரரு என்ன சொல்றாருன்னே எங்கப்பா அம்மாவுக்குப் புரியறதில்ல. நீங்க கன்னடம் நல்லா பேசுவீங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

அப்பா வயசுக் காலத்தில் புளி லாரியோடு கர்நாடகத்து மண்டிகளுக்கெல்லாம் போய் வந்தவர். கன்னடம் என்றதும் மெல்லத் திரும்பினார். "ஏன், அங்க தமிழு பேசறவங்களும் இருப்பாங்களே" என்றார்.

"இருப்பாங்க. நமக்கு வேணுங்கறப்ப இருக்கணுமே. எனக்கு அந்த ஊருக்குள்ள தனியா போகவே பயமா இருக்குதுங்க. நீங்க கூட வந்தீங்கன்னா தைரியமா இருக்கும்."

அப்பா கொஞ்ச நேரம் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். "பொம்பளப்புள்ள, வயசானவங்களக் கூட்டிக்கிட்டு எப்படித் தனியா போவும்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார், ஏதோ அம்மாதான் தடுத்துக்கொண்டிருப்பது போல. அம்மா உள்ளே போய்விட்டார். சிரிப்பதைக் காட்டக் கூடாது என்றுதான் போனார்.

தனியாகப் போக பயம் என்று சொன்ன இதே டீச்சர், எங்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முந்தைய வாரம் தன்னந்தனியாக மைசூர் போய் வந்திருந்தார். எந்த லாட்ஜில் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது, எங்கே உட்கார நிழல் இருக்கிறது, எங்கே கழிவறை சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அரண்மனைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினார். அவர் வழக்கமே அதுதான். "கக்கூஸ் பாக்கறதுக்கு மைசூர் வரைக்கும் போன ஒரே ஆளு நீங்கதான்" என்று இயற்பியல் சார் கிண்டல் செய்தார். டீச்சர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அரண்மனை எங்க இருக்குதுன்னு ஊரே சொல்லும் சார். இது எங்க இருக்குதுன்னு யாரு சொல்லுவாங்க?" என்றார்.

ரயிலில் போனோம். வேன் கூடாது என்றது அவர்தான். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிவறை கூடவே வருகிறது. போய் இறங்கிய அன்று எதுவும் பார்க்கவில்லை. சாப்பிட்டோம், தூங்கினோம், சாயந்திரம் மார்க்கெட் ஓரமாகப் பூக்கடைகளைப் பார்த்தோம், அவ்வளவுதான். நான் கொதித்துப்போயிருந்தேன். ஒரு வரலாற்று ஆசிரியையை அப்பேர்ப்பட்ட ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்து மதியத் தூக்கம் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? "ஒரு நாளைக்கு ஒண்ணு போதும் டீச்சர்" என்றார். "பாக்காம உட்டது அங்கயேதான் இருக்கும். எங்கயும் ஓடிப்போவாது."

அவர் யாரிடமும் "உங்களுக்குக் கால் வலிக்குதா?" என்று கேட்டதில்லை. கேட்டால் நம் பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள், நாக்கு தொங்கினாலும் அதைத்தான் சொல்வார்கள். அதனால் அவருக்கே வலிக்கும். என் அப்பா நடை தளர்வதைப் பார்த்ததும் இவர், "எனக்கு முட்டி வலிக்குதுங்க, நீங்க போய்ட்டே இருங்க, நான் செத்த உக்காந்துட்டு வரன்" என்று உட்கார்ந்துவிடுவார். "உன்னத் தனியா உட்டுட்டு எப்படிம்மா போறது?" என்று அப்பாவும் பக்கத்தில் உட்காருவார். டீச்சரின் அப்பாவும் உட்காருவார். இரண்டு பேரும் மழை பற்றியும் தக்காளி விலை பற்றியும் பேசி முடிக்கிறவரை டீச்சரின் முட்டி சரியாகாது.

அம்மாவிடமும் அதே கதைதான். "அம்மா, பாத்ரூமுக்குக் கூட வரீங்களா? தனியா போக ஒரு மாதிரியா இருக்குது" என்பார். அம்மா கைப்பையைப் பிடித்துக்கொண்டு துணைக்குப் போவார். போன பிறகு, வந்தது வந்தோம் என்று அவரும் போய்விட்டு வருவார். இரண்டாம் நாள் காலையில் அம்மா டீக்கடையில் கேட்டு வாங்கி ஒரு செம்புத் தண்ணீர் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம் அந்தப் புள்ளைக்கு சுகர் இருக்கும் போலக்குது. அடிக்கடி போவுது. டாக்டர்ட்ட காட்டச் சொல்லு" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டும் நேரம் அரண்மனைக்குப் போனோம். அன்று விளக்கு போடுகிற நாள். உள்ளே போகவில்லை, வரிசையிலும் நிற்கவில்லை. எதிரில், கூட்டம் இடிக்காத இடமாக ஒரு கல் திட்டைப் போன வாரமே பார்த்து வைத்திருந்தார். போனால் அதில் கல்லூரிப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் முன்னால் போய், கடகடவென்று நல்ல கன்னடத்தில் ஒரு அதட்டல் போட்டார். வகுப்பறைக் குரல். பையன்கள் "சரி மேடம்" என்று எழுந்து போனார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவருக்கு முதல் வேலை தளிப் பக்கத்தில் ஒரு கன்னடம் பேசும் கிராமத்தில் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"எங்கப்பாகிட்ட கன்னடமே தெரியாதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

"எடுத்துப் பேச ஆளு இல்லன்னுதான சொன்னன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஹிஸ்டரி டீச்சர்தான். அதுக்காக நடந்தத எல்லாம் எல்லாருக்கும் சொல்லணும்னு இல்லைங்க" என்றார்.

விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தன. கூட்டம் முழுவதும் "ஓ" என்றது. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். முகமெல்லாம் அந்த வெளிச்சம். பிறகு அவராகவே எழுந்து, "வாங்க, ஒரு சுத்து நடந்து பாக்கலாம்" என்று எல்லாருக்கும் முன்னால் நடந்தார். மயங்கி விழுந்த அதே வாசலைத் தாண்டித்தான் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா பொரிகடலைக்காரரிடம் கன்னடத்தில் ஊர்க்கதை பேசிவிட்டு, ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்தார். "ஊருக்குப் போய்ச் சொல்லு, நான்தான் பேசிக் கீசி எல்லாரையும் பத்தரமா கூட்டியாந்தன்னு" என்றார். அதை இண்டூரில் இன்றுவரை அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதற்குப் பிறகு எத்தனையோ பேரின் பெற்றோர் அவரோடு ஊர் பார்த்தார்கள். அவர்கள் எல்லாரும் அவருக்கு உதவி செய்யத்தான் போனார்கள். ஒருவர் வழி கேட்டுச் சொல்ல, ஒருவர் காய்கறி பார்த்து வாங்கித் தர, ஒருவர் பை பார்த்துக்கொள்ள. அவரிடம் எனக்குப் பிடிக்காதது என்று பார்த்தால், என்னை ஒரு மியூசியத்துக்குள்ளும் விடாததுதான். வயதானவர்களை மதிப்பது பற்றி மேடையில் பேசுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்களின் துணை தேவைப்படுகிற ஆளாக இருக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

காரியத்துக்கு அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு அதியமான்கோட்டை போனேன். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டில் இனி அவருடைய அப்பாவும் அம்மாவும்தான். பந்தலுக்குக் கீழே பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் அப்பா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.  பிறகு பெரியவர் சொன்னார்:

"சின்னப்புள்ளையில அவ்ளோ தைரியம்ங்க அதுக்கு. வயசாக வயசாகத்தான் பயந்தாங்கொள்ளியா ஆயிடிச்சு. எங்க போறதுன்னாலும் நாங்க ரெண்டு பேரும் வேணும். கால் வலிக்குதுங்கும், பயமா இருக்குதுங்கும். இந்த வயசுல நாங்கதான் கூடவே போய்க் கூட்டியாந்துட்டு இருந்தோம். தனியா எங்கயுமே போவத் தெரியாதுங்க. இப்ப எப்படிப் போச்சோ."

என் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த இடத்தில் நிற்க முடியாமல் பின்பக்கம் போய் அழுதேன்.

வளர்மதி டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவர் என்னிடம் வெளியே சொல்ல வேண்டாம் என்ற அந்த ஒரு விஷயத்தைத்தான். இங்கே எழுதிவிட்டேன், அவரை அறிந்த உங்களுக்காக. நீங்கள் யாராவது அந்த வீட்டுப் பக்கம் போனால், பெரியவருக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்ட வேண்டாம். மகளை எங்கெங்கோ பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். அது அப்படியே இருக்கட்டும்.