தொட்டிலருகே எலி விரட்டி

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது லிங்கராஜபுரத்தில் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிவந்தோம். பின்னால் ராஜகாலுவே, மழைநீர் ஓடும் பெரிய கால்வாய். மழை வந்தால் அங்கிருந்து எலிகள் சமையலறைக்குள் ஏறிவிடும். வாஷிங் மெஷின் குழாயைக் கடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை, குழந்தையின் பால் துடைத்த துணியில் பல் தடம் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை. பால் வாசனைக்கு எலி குழந்தையின் விரலைக் கடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.

தவழப்போகும் குழந்தை இருக்கும் வீட்டில் விஷம் வைக்க முடியாது. பசை அட்டையும் ஆகாது. அதனால் கணவர் அல்ட்ராசோனிக் எலி விரட்டி ஒன்றை வாங்கினார். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும். மனிதர் காதுக்கு எட்டாத ஒலி, எலியால் தாங்க முடியாது என்று அதன் உறையில் போட்டிருந்தது. குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, தொட்டிலுக்கு மேலே இருந்த பிளக்கில் நானே செருகினேன்.

தசரா விடுமுறைக்கு நாத்தனார் வேலூரிலிருந்து வந்தாள். பதினெட்டு வயது. பையைக் கீழே வைக்கும் முன்பே காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன அண்ணி இது, கீச்சுனு கேக்குது? மண்டையைக் குடையுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

சத்தத்தைத் தேடிக்கொண்டே போய்த் தொட்டிலுக்கு மேலே நின்றாள். ஸ்விட்சை அணைத்தாள். "இப்ப இல்ல." போட்டாள். "ஐயோ, வந்துடுச்சு."

கணவர் சிரித்தார். "எலிக்கு வாங்கினது. மொதல்ல நீ மாட்டிக்கிட்ட."

"போண்ணா. உங்க ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு, காது போச்சு. பாப்பாவைக் கேளு, அது என் கட்சி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கே இப்படிக் குடைந்தால் குழந்தைக்கு எப்படியிருக்கும்? ஸ்விட்சை மாற்றி மாற்றிப் போட்டு, அணைத்து, மகளின் முகத்தையே பார்த்தேன். அவள் பச்சை விளக்கைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"பாத்தியா, உன்னைவிட எம்பொண்ணு சமத்து," என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். நாத்தனார் அந்தப் பத்து நாளும் சத்தம் தாங்காமல் கூடத்தில் படுத்தாள். பெட்டி அதே இடத்தில் இருந்தது. எலிகளும் இருந்தன. ஒன்று அந்த விளக்குக்குக் கீழேயே உட்கார்ந்து வெங்காயத் தோலைக் கொறித்ததைப் பார்த்தேன்.

பதினாறு மாதமாகியும் மகள் ஒரு சொல் பேசவில்லை. "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசினோம்," என்றார் கணவர். நானும் நம்ப விரும்பினேன். ஒரு நாள் பரணிலிருந்து எவர்சில்வர் அண்டா அவளுக்குப் பின்னால் கல் தரையில் விழுந்தது. நான் அலறிவிட்டேன். அவள் முதுகைக் காட்டியபடி பொம்மையின் காலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

சோதனைகள் முடிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், தொட்டில் மேல எலி விரட்டி வெச்சிருந்தேன். அதனாலயா?"

"இல்லம்மா. ரெண்டு காதும் பிறந்ததிலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும். பிறந்தப்ப காது டெஸ்ட் எடுக்கலையா?"

எடுக்கவில்லை. அன்று மெஷின் பழுது, தடுப்பூசிக்கு வரும்போது எடுக்கலாம் என்றார்கள். வீடு மாறியதும் தடுப்பூசியைப் பக்கத்துக் கிளினிக்கில் போட்டோம். தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பியவள் நான். காதுச் சோதனைக்கு அதில் கட்டம் இல்லை.

"அந்தப் பெட்டியால இல்லன்னு ஆச்சுல்ல, விடு," என்றார் கணவர். அவருக்கு அது ஆறுதல். எனக்கு இல்லை.

பிறகு இந்தக் கருவிகளின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். பிளக்கில் செருகும் பெட்டிகள் எலியை விரட்டுவதற்குச் சரியான சான்று இல்லை என்று வெளிநாட்டில் அரசே விற்பவர்களை எச்சரித்திருக்கிறது. அவற்றுக்கு வெகு காலம் முன்பு நாய்களை அழைக்கும் விசில் இருந்தது. அந்த விசிலோ, முதலில் விரட்டவோ அழைக்கவோ செய்யப்பட்டதல்ல. நூறு வருடங்களுக்கும் முன்பு ஓர் ஆங்கிலேயர் அதைச் செய்தது, யாருக்கு எவ்வளவு உயர்ந்த ஒலி கேட்கிறது என்று பார்க்க. கைத்தடியில் பொருத்திக்கொண்டு விலங்குக் காட்சிசாலைக்குப் போவாராம். கூண்டருகே ஊதிவிட்டு, விலங்கு காதை அசைக்கிறதா என்று கவனிப்பாராம்.

அதைப் படித்தபின் அன்று சமைக்க முடியவில்லை. நானும் அதையேதான் செய்திருந்தேன். ஸ்விட்சைப் போட்டேன், முகத்தைப் பார்த்தேன். பதில் கிடைத்தது. சமத்து என்றேன். தசராவிலிருந்து அண்டா விழுந்த நாள்வரை ஒன்பது மாதம். அன்றே டாக்டரிடம் போயிருந்தால் அந்த ஒன்பது மாதமும் அவள் காதில் ஏதாவது விழுந்திருக்கும்.

நாத்தனார் போனில் அழுதாள். "நானாவது சொல்லியிருக்கணும் அண்ணி." நீ சொன்னாய், சத்தம் கேட்கிறது என்று நீ ஒருத்திதான் சொன்னாய் என்றேன்.

இப்போது மகளின் இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது. அது போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று அடுத்த மாதம் சொல்வார்கள். முன்னால் போகாமல், பின்னால் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எலி விரட்டியைப் பிடுங்கிப் போட்டாயிற்று. ஆனாலும் அவள் அந்தப் பிளக்குக்குக் கீழே போய் நின்று, பச்சை விளக்கு இருந்த இடத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். நான் பின்னால் உட்கார்ந்து கூப்பிடுகிறேன். டம்ளரைத் தட்டினால் திரும்புகிறாள். பெயருக்கு இன்னும் திரும்பவில்லை.