வால்வைப் பிடித்த கை

போன வாரம் என் மகள் தன் வண்டிக்குக் காற்றடிக்க ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தாள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். குழாயை வால்வில் திருகி, பொத்தானைத் தட்டிவிட்டால் டர்ரென்று தானே அடிக்கிறது. வேண்டிய அளவு ஏறியதும் தானே நின்றுவிடுகிறது. "நைனா, நீ சும்மா நின்னா போதும்" என்றாள். அந்தச் சும்மா நிற்பதுதான் எனக்கு வரவில்லை. வண்டியை இரண்டு முறை சுற்றினேன். கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். கழற்றிய வால்வு மூடியைத் தரையில் வைக்க மனம் வராமல் வாயில் போட்டுக்கொண்டேன். தூசியும் ரப்பரும் கலந்த ருசி நாக்கில் பட்டது. அவ்வளவுதான், பழவேற்காட்டு மணலில் நின்றேன்.

வாயில் போடுவது அந்தக் காலத்துப் பழக்கம். இருபத்தைந்து வயதில் எனக்கு இறாலும் நண்டும் ஏற்றிப் போகிற வேலை. விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய், ஐஸ் பெட்டியில் சரக்கை வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். ரயில் எங்களுக்காக நிற்காது. ஐஸும் உருகாமல் காத்திருக்காது. அதனால் எந்நேரமும் உள்ளங்கால் அரித்தபடியே இருக்கும் எனக்கு. இன்றைக்கும் பஸ் நிலையத்தில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்போது டச்சுக்காரர் கல்லறைச் சுவரோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் படகு ஒதுங்கும் இடம் வரை மணல். டயரில் காற்று கெட்டியாக இருந்தால் சக்கரம் புதைந்துவிடும். ஆகவே சரக்கு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் சுவரோரம் நிறுத்தி, காற்றைக் குறைத்துக்கொண்டுதான் மணலில் இறங்குவோம். வால்வுக்குள் இருக்கும் குட்டிப் பின்னைத் திருகி எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத் திரும்ப மாட்டுவோம். மணலில் விழுந்தால் அந்தப் பின் கிடைக்கவே கிடைக்காது, அதற்காகத்தான் வாய். எனக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. வாயில் பின் வைத்திருக்கிறவனை யாரும் பேசச் சொல்வதில்லை.

இறக்குவது சுலபம். சரக்கோடு திரும்பி வந்து அதே இடத்தில் காற்றை ஏற்றுவதுதான் பாடு. பின் சக்கரத்தில் ஒரு பக்கம் செயின், மறுபக்கம் பிரேக் டிரம், நடுவே கம்பிகள். கைப்பம்பின் வாய் வால்வில் நேராக உட்காராது. யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் உண்டு. இல்லையென்றால் அடிக்கிற காற்றில் பாதி வெளியே போய்விடும்.

எனக்குப் பிடித்துக்கொண்டவள் கன்னியம்மா. கரையில் நண்டுக்குக் கட்டுப் போடுகிறவள். உயிர் நண்டின் கொடுக்கை மடக்கிச் சணலால் கட்டும் வேலை. விரலில் பலம் இல்லாதவர் செய்ய முடியாது. ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழியில், நான் தனியாக மல்லாடுவதைப் பார்த்து, கேட்காமலே வந்து குந்தினாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு பம்பின் வாயை அழுத்தினாள். நண்டைப் பிடிக்கிற அதே பிடி. ஒரு துளி காற்று கசியவில்லை. கையில் நண்டு வாடை, டயரில் சூடான ரப்பர் வாடை. அன்றிலிருந்து தினமும் வந்தாள்.

நூற்றைம்பது அடியாவது அடிக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அவள்தான் பேசுவாள். கல்லறை வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். அதைக் காட்டி, "அதுங்கூட என்னிக்காவது வாயத் தொறக்கும். நீ தொறக்க மாட்ட" என்பாள். நான் பம்பைப் பார்த்துச் சிரிப்பேன். எத்தனை அடி ஆயிற்று என்ற கணக்கு விட்டுப்போகும். வேண்டுமென்றே விட்டதும் உண்டு.

இனி நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவள் கையில் கம்பி உரசி உரசி ஒரு கறுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பொன்னேரியில் ஒரு லேத் பட்டறைக்கு நாலு நடை நடந்து, முழங்கை மாதிரி வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று செய்து வாங்கினேன். ஒரு முனையை வால்வில் திருகினால் மறுமுனை கம்பிகளுக்கு வெளியே வந்து நிற்கும். பம்பை அதில் மாட்டித் தனியாகவே அடிக்கலாம். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பெருமையாக அவளுக்குக் காட்டினேன்.

"இன்னா இது?"

"இத மாட்டிட்டா யாரும் புடிக்க வேணாம்."

"அப்ப என் கை வேணாம்."

"இல்ல, உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்…"

"கஷ்டம்னு நான் சொன்னனா?"

அவள் குந்தவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். என்னோடு சரக்கு ஏற்றும் ஏகாம்பரம் அண்ணன் பக்கத்து வண்டியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "மடையா, காத்து ஏறலன்னு உங்கிட்ட எவன்டா அழுதான்?" என்றார். ஆனால் அடுத்த வாரமே அவரும் ஒரு முழங்கை செய்துகொண்டார்.

பத்து நாள் கழித்து, நான் காலையில் சுவரோரம் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன். வால்வுப் பின் வாயில் இருந்தது. மூன்றோ நாலோ எண்ணியிருப்பேன், கன்னியம்மா வந்து நின்றாள்.

"சுண்ணாம்புக்குளத்துலேந்து என்னைப் பாக்க நாளைக்கு வராங்க. எங்க நைனா தலையாட்டிட்டார்னா முடிஞ்சிது. நீ எதுனா சொல்றியா?"

பின்னைக் கையில் துப்பியிருந்தால் போதும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு அதைக் கன்னத்துக்குத் தள்ளியது, பல்லுக்குத் தள்ளியது, வெளியே மட்டும் தள்ளவில்லை. டயர் சீறிக்கொண்டே இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் டயரையே பார்த்தாள். சத்தம் மெலிந்து, இழுத்து, நின்றது.

"மொத்தக் காத்தும் போச்சு பாரு" என்று சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் போனாள்.

நான் பின்னைத் திரும்ப மாட்டி, முழங்கையைத் திருகி, ஒன்றிலிருந்து அடிக்க ஆரம்பித்தேன். கொஞ்சமும் கசியவில்லை. நல்ல வேலைப்பாடு.

கல்யாணம் ஆகி அவள் சுண்ணாம்புக்குளம் போனாள். எனக்கும் பிறகு ஆனது. குறை ஒன்றும் இல்லை. முழங்கை எங்கே போனதென்று தெரியவில்லை. ஏகாம்பரம் அண்ணனும் இல்லை.

பெட்டி டர்ரென்பதை நிறுத்திக்கொண்டது. "இன்னா நைனா, இது போதுமா?" என்று மகள் கேட்டாள். மூடியை அவசரமாகக் கையில் துப்பிவிட்டு, "போதும்மா, போதும்" என்றேன். ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னதற்கு அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு கல்லறைப் பக்கம் போய்வந்தேன். மணல் இல்லை. ரோடு தண்ணீர் வரை போட்டுவிட்டார்கள். சரக்கு வண்டிகள் வேகம் குறைக்காமல் இறங்கி, வேகம் குறைக்காமல் ஏறிப் போகின்றன. சுவர் அப்படியே இருக்கிறது, தூணில் எலும்புக்கூடும் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்த மட்டும் இப்போது யாருக்கும் ஒரு காரணம் இல்லை.