ஐஸ் பெட்டி வண்டிக்கு ஒரு மீட்டர்

டீக்கடை வாசலில் நிறுத்தினாலும் ஜெரோம் என்ஜினை அணைப்பதில்லை. வண்டி உதறிக்கொண்டே நிற்கும். அதன் கதவில் ஒரு கையை வைத்தபடி, நின்றவாக்கில் டீயைக் குடிப்பார். டீசல் என்ன சும்மா வருகிறதா என்று கடைக்காரர் கேட்டால், "நின்னா நின்னதுதானுங்க. அப்புறம் அது எப்ப மனசு வெக்குமோ" என்பார். வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருக்கும் கண்ணாடி மூடிப் பெட்டியைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்பவர்கள் கிளாஸோடு கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அவர் அதைக் கவனிப்பதை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன.

கருமத்தம்பட்டியைச் சுற்றி எந்த ஊரில் சாவு விழுந்தாலும் ஐஸ் பெட்டிக்கு ஜெரோமைத்தான் கூப்பிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய குட்டையான ஆள். எப்போதும் வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. போனை எடுத்தால் இறந்தது யார் என்று கேட்கமாட்டார். "எந்த ஊருங்க? ஊட்டுல பதினஞ்சு ஆம்ஸ் ப்ளக் இருக்குதுங்களா? வாசக்கதவு எத்தன அகலமுங்க?" இந்த மூன்றும்தான். விசேஷ வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் கதவைத்தான் அளக்கும். சொந்தக்காரர் ஒருவரின் புதுமனை புகுவிழாவில், "இதுல பொட்டி நேரா போகாது, சாச்சுத்தான் கொண்டு போகோணும்" என்று மனைவி மெர்சியின் காதில் சொல்லி, அங்கேயே அவளிடம் கிள்ளு வாங்கினார்.

இழவு வீட்டில் அவர் உட்காருவதில்லை. காபி கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவார். பெட்டியை வைத்து, ப்ளக்கைச் செருகி, குளிர் ஏறுகிறதா என்று உள்ளே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்துவிடுவார். இறந்தது பெண் என்று அவர்களே சொன்னால் மெர்சியும் வண்டியில் வருவாள். சேலையைச் சரி செய்யவும் தலையை நேராக வைக்கவும் ஒரு பெண்ணின் கை வேண்டியிருக்கும். அழுதுகொண்டிருப்பவர்களிடம் அதைக் கேட்க முடியாது.

ஜெரோமின் அப்பா ஐயாசாமி அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். நெல்லடிக்கும் களம் வரைக்கும்தான் அவருக்கு வழி. அதே தோட்டத்து வீடுகளின் நடுக்கூடம் வரை இன்று ஜெரோம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார், பெட்டியோடு. பெட்டி இல்லாமல் போனால் எதுவரை விடுவார்கள் என்று அவர் போய்ப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குத்தான் போன சித்திரையில் அவர் நேரம் கழித்துப் போனார். அப்புசாமி என்கிற பெரிய விவசாயியின் மனைவி தெய்வாத்தாள் காலையில் இறந்துபோயிருந்தார். அன்று மெர்சி ஊரில் இல்லாததால், போன் வந்ததுமே ஜெரோம் தனியாகக் கிளம்பிவிட்டார். அன்னூர் ரோட்டில் பாதி தூரம் போனதும் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முனகியது. பிறகு முனகலும் இல்லை. மரம் ஒன்றுகூட இல்லாத இடம். தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் போட்டு வேறு பெட்டி கேட்டார். எல்லாப் பெட்டிகளும் வெளியே போயிருந்தன. மறுபடி மறுபடி சாவியைத் திருகியதில் பேட்டரியும் களைத்தது. வெயில் உச்சிக்கு வந்த பிறகு, கடைசியாக ஒருமுறை திருகியபோது, ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது.

அங்கே கூடத்தில் தெய்வாத்தாளைச் சுற்றி ஐஸ் பாரை உடைத்து வைத்திருந்தார்கள். அது கரைந்து தண்ணீர் வாசல்வரை ஓடியிருந்தது. அப்புசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடித்த செய்தித்தாளால் மனைவியின் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஜெரோமைப் பார்த்ததும் விசிறுவதை நிறுத்தினார்.

"வந்துட்டீங்களா" என்றார். "அவளுக்கு வெக்கை ஆகாதுங்க."

வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்று ஜெரோம் பின்னால் மெர்சியிடம் சொன்னார். அன்றிலிருந்துதான் அவர் என்ஜினை அணைப்பதில்லை.

அதன் பிறகும் வண்டி பல தடவை நின்றது. பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் ஆளுக்கொன்றை மாற்றினார்கள். ஒருவர் ஃபில்டர், ஒருவர் சென்சார், ஒருவர் இன்ஜெக்டரைக் கழற்றிப் பூட்டினார். அவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி ஒழுங்காக ஓடும். ஜெரோமுக்குத் தூக்கம் குறைந்தது. போன் அடித்தால் எடுக்கவே சலிப்பாக இருந்தது. எடுக்காமல் இருக்கவும் முடியாது. வண்டியை விற்றுவிட்டு ஏதாவது மில்லில் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிடலாமா என்று சாப்பிடும்போது ஒருநாள் சொன்னார். மெர்சி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

யாரோ சொல்லித் துடியலூருக்கு வண்டியைக் கொண்டுபோனார். அங்கே ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் நிஜாம் கதையை முழுக்கக் கேட்டார். பானட்டைத் திறக்கவில்லை.

"இன்னி எதையும் மாத்தாதீங்கண்ணா. டீசல் எத்தன ப்ரஷர்ல வருதுன்னு பாக்கறதுக்கு ஒரு மீட்டர் போட்டுறலாம். அது நிக்கறப்ப உங்க கண்ணுக்கே தெரியும்."

வண்டிக்குள் டீசல் குழாய் வருமா, நாற்றமடிக்குமா என்று ஜெரோம் கவலைப்பட்டார். பெட்டிக்கு அந்த வாசம் ஏறினால் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். சென்சார் என்ஜின் பக்கமே இருக்கும், ஒயர் மட்டும்தான் உள்ளே வரும் என்று நிஜாம் சமாதானம் சொன்னார்.

வேலை நிதானமாக நடந்தது. ஃபில்டரிலிருந்து பம்புக்கு டீசல் போகும் குழாயின் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் சென்சாருக்கு ஒரு துளை விட்ட போல்ட்டைப் பூட்டினார் நிஜாம். இருபுறமும் புதுச் செம்பு வாஷர். பழையதையே போட்டால் காற்று இழுக்கும் என்றார். என்ஜின் அதிர்வில் கெட்டுப்போகாமல் இருக்க, சென்சாரைச் சின்ன ஹோஸ் ஒன்றின் முனையில் மாட்டி ஓரமாகக் கட்டினார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஃபில்டர் தலையில் இருக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை ஜெரோம் வாங்கிக்கொண்டார். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது அவர் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. மீட்டர் வைக்கத் தோதான இடம் டேஷ்போர்டின் நடுவில் இருந்தது. அங்கே மாதா படம் ஒட்டியிருந்தது. நிஜாம் ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெரோமே படத்தை உரித்து இடப்பக்கம் தள்ளி ஒட்டினார்.

கிளப்பியதும் முள் எழுந்து நாலில் நின்றது. அதுதான் சரியான அளவு என்றார் நிஜாம். இருவரும் மாங்கரை வழியாக ஆனைகட்டி மலை ரோட்டில் ஏறினார்கள். இரண்டாவது வளைவில் முள் மெல்லச் சரிந்தது. மூன்று. அதற்கும் கீழே. வண்டி இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

"விடாதீங்க, மிதிங்க" என்றார் நிஜாம்.

மிதித்தார். முள் ஒன்றுக்கு விழுந்த பிறகுதான் என்ஜின் முனகி நின்றது. ஜெரோம் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. எத்தனையோ தடவை நின்ற வண்டி, நிற்கப்போகிறேன் என்று அவரிடம் சொன்னது இப்போதுதான். "அப்பவே இது இருந்திருந்தா பாதி வழியில திருப்பிக் கொண்டாந்து வேற வண்டில ஏத்தியிருப்பனே பாய்" என்றார். நிஜாம் கதவைத் திறந்து இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைக்கப் போய்விட்டார்.

குற்றம் டாங்குக்குள் இருந்தது. மறுநாள் டாங்கை இறக்கியபோது, டீசலை உறிஞ்சும் இடத்தில் உள்ள சல்லடையைக் கறுப்பாக வழவழவென்று ஏதோ மூடியிருந்தது. வண்டி ஓட ஓட அழுக்கு போய் ஒட்டுகிறது. நின்று கொஞ்சநேரம் ஆனால் உதிர்ந்துவிடுகிறது. அணைக்காமலே வைத்திருந்தது தப்பு, அணைத்தால்தான் அது கீழே இறங்கும் என்று நிஜாம் சொல்லவும் ஜெரோம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் சிரித்தார். டாங்கைக் கழுவி, புதுச் சல்லடை போட்டு, மலையேறிப் பார்த்தார்கள். முள் நாலை விட்டு அசையவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. ஜெரோம் சரியாகவில்லை. இப்போதும் டீக்கடையில் என்ஜின் ஓடுகிறது. ஓட்டும்போது கண் மீட்டரை விட்டு நகர்வதில்லை. முள் மயிரிழை ஆடினாலும் கால் தானாகத் தளர்கிறது.

ஆடி மாதம் ஒருநாள் மத்தியானம் அன்னூர் தாண்டி ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். இறந்தது பெண். மெர்சியும் ஏறிக்கொண்டாள். வழியில் அவள் ஏதோ கேட்டாள். ஜெரோம் காதில் விழவில்லை. வேகத்தடையில் வண்டி அப்படியே ஏறி இறங்க, பின்னால் பெட்டி தடாரென்று குதித்தது.

"எதைப் பாத்துட்டு ஓட்டறீங்க?"

"முள்ளு நாலுலயே நிக்குது அம்மணி."

"நிக்கட்டுமுங்க. நீங்க ரோட்டப் பாருங்க."

சரி என்று தலையாட்டினார். கொஞ்ச தூரம் ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரியை விலக்கிப் போனதும் கண் மறுபடி டேஷ்போர்டுக்கு வந்தது. மெர்சி கையை நீட்டி, உள்ளங்கையால் மீட்டரை மூடினாள். ஜெரோம் அவளைப் பார்த்தார், பிறகு எதிரே பார்த்தார். ரோடு நேராகக் கிடந்தது. அவள் கையை எடுக்கவில்லை. நீட்டிய கை கடுக்கத் தொடங்கியபோது, சற்றுத் திரும்பி உட்கார்ந்து, மறு கையை வைத்தாள்.