ஜெசிந்தா வெறுமையாக விட்ட கட்டங்கள்

ஜெசிந்தா போய்விட்டாள். இன்று காலை, வங்காலையில், அவளுடைய வீட்டில்.

போனில் சொன்னவர், "உங்கட கூட்டாளியெல்லோ" என்றார். ஓம் என்றேன். கூட்டாளிதான்... ஆனால் இத்தனை வருடமும் அவள்மேல் எனக்குப் பொறாமை. செத்தவீட்டன்று இதைச் சொல்லலாமா தெரியவில்லை. சொல்கிறேன்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் சிறுவர் வார்டுக்கு ஒரே நாளில்தான் இருவரும் நேர்ஸாகப் போனோம். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் காய்ச்சல் பார்த்து சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். எங்கே நேரம்... டியூட்டி முடிகிறபோது கதிரையில் இருந்தபடியே, பார்க்காத பிள்ளைகளுக்கும் முப்பத்தேழு, காய்ச்சல் இல்லை என்று போட்டுவிடுவோம். எல்லோரும் செய்ததுதான்.

அவள் மட்டும், பார்க்காவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவாள். வார்ட் சிஸ்டரிடம் ஏச்சு வாங்குவாள்.

"இவவின்ர சார்ட்டைப் பார்த்துப் பழகும்" என்று சிஸ்டர் என்னைக் காட்டுவார். எனக்கு உள்ளம் குளிரும்.

பிறகு யூனிவர்சிட்டியில் இருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். வார்டில் பிள்ளைகளுக்கு என்னென்ன கவனிப்பு விடுபடுகிறது என்று பார்க்க. எல்லா சார்ட்டையும் புரட்டிவிட்டு அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

"மிஸ், உங்கட சார்ட்டை மட்டும்தான் நம்பலாம்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே மாதம், தலைமன்னாரில் இருந்து மூன்று வயதுப் பிள்ளை ஒன்று. பன்னிரண்டு மணிக் கட்டத்தில் என் புள்ளி, முப்பத்தேழு. ஒரு மணிக்கு டியூட்டிக்கு வந்த ஜெசிந்தா தொட்டுப் பார்த்து, அளந்தாள். முப்பத்தொன்பதரை. ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தாள். வலிப்பு வந்தபோது டொக்டர் பக்கத்தில் நின்றார். பிள்ளை தப்பியது.

என் புள்ளியை அவள் அழிக்கவில்லை. மேலே தன் புள்ளியை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தாள். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளையின் தாய் நண்டு கொண்டு வந்தார். அவளுக்கு மட்டும்.

"எங்களுக்கு இல்லையோ?" என்றேன், பகிடி மாதிரி.

ஜெசிந்தா பையை என் பக்கம் தள்ளினாள். "நீ கொண்டு போ. காலமையில இருந்து பாத்தது நீதானே."

குத்திச் சொன்னாளா, மனதாரச் சொன்னாளா... இன்றுவரை தெரியாது. நண்டைச் சமைத்துத் தின்றேன்.

இன்று முகநூல் முழுக்கத் தாய்மார் அவளுடைய படத்தைப் போட்டு அழுகிறார்கள். நான் செத்தால் இத்தனை பேர் எழுதுவார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படி.

நண்டு கொண்டு வந்த அந்தத் தாயும், செத்தவீட்டுக்கு வருவதாக எழுதியிருக்கிறார். தங்கச்சி, இதை வாசித்தால்... அன்று பன்னிரண்டு மணிக்கு நான் உங்கட பிள்ளையைத் தொடவே இல்லை.

ஜெசிந்தா, பின்னேரம் வங்காலைக்கு வாறன். அந்தத் தாயும் அங்கே நிற்பா.